ஆல்பர்டினாவில் அப்பாவின் நினைவு அட்டை

கல்லறைத் திருநாளன்று எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடந்தால் அந்தக் கைகளைப் பார்க்காமல் வர முடியாது. கூப்பிய இரண்டு கைகள், வேறு எதுவும் இல்லை. அப்பாவின் நினைவு அட்டையிலும் அதுதான். அச்சகத்துக்காரர் காட்டிய மாதிரிகளில் அம்மா அதைத்தான் தொட்டார்.

2019 டிசம்பரில் நான் வியன்னா போன நேரம், ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில், அந்தக் கைகளை வரைந்த ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரரின் கண்காட்சி. மூலப் படத்தை அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார்கள். காகிதத்துக்கு வெளிச்சம் ஆகாது. விடுவேனா?

அறையில் அரையிருட்டு. படம் ஏ4 தாளைவிடச் சற்றுச் சின்னது. நீலம் பூசிய தாளில், தூரிகையால் மை தொட்டு வரைந்திருக்கிறார். நிழலுக்குக் கறுப்புக் கோடு, வெளிச்சத்துக்கு வெள்ளைக் கோடு. இடைப்பட்ட தோலுக்கு எதையும் தீட்டவில்லை, தாளின் நீலமே தோலாகிவிடுகிறது. புறங்கை நரம்புகள் புடைத்திருக்கின்றன. இன்னொன்றை அட்டையில் நான் கவனித்ததே இல்லை: கைகள் இறுக்கிக் கூப்பியவை அல்ல. விரல் நுனிகள்தான் தொடுகின்றன, உள்ளங்கைகளுக்கு நடுவே இடைவெளி.

சுரங்கத்தில் உழைத்துத் தம்பியை ஓவியனாக்கிய அண்ணனின் கை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுமே, அது வெறும் கதை. ஃபிராங்க்ஃபர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர் கேட்ட பீட ஓவியத்துக்காக 1508இல் ட்யூரர் போட்ட முன்வரைவு இது. மாதா விண்ணேற்பு அடைகிறார். கீழே காலிக் கல்லறையைச் சுற்றி, மீனவர் சிலரும் இருந்த இயேசுவின் சீடர்களான திருத்தூதர்கள். அவர்களில் ஒருவரின் கை. அவர் எதையும் கேட்டு மன்றாடவில்லை, வியந்துபோய் நிற்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்தப் பெரிய ஓவியத்துக்குப் பேசிய கூலி 130 ஃப்ளோரின், அந்தக் காலப் பொற்காசு. ட்யூரர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி 200 ஆக்கிக்கொண்டார். சுத்தமாக வைத்துக்கொண்டால் 500 ஆண்டு புதிதாக இருக்கும் என்று உறுதியும் கொடுத்தார். 1729இல் மியூனிக் அரண்மனைத் தீயில் அது எரிந்துபோனது. இந்தத் தாள் இருக்கிறது.

கடையில் ஒரு அஞ்சலட்டை வாங்கி, படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். திருத்தூதர் கை என்றும் சொன்னேன். அம்மா மீனவர் வீட்டில் பிறந்தவர், கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் போல.

“வலை இழுத்த கை மாதிரி இல்லியே மக்கா” என்றார்.