தாங்கிப் பெட்டி தடம் புரளாமல் ஓட

கொலன்னாவைக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரயில் தொடர் போல ஒரு மாதிரி ரயிலை மேசையில் ஓட்ட ஆறு தாங்கிப் பெட்டி தாராளம். இலங்கையின் 1676 மி.மீ. அகலப் பாதை 1:87 அளவில் 19 மி.மீ. தாண்டும், கடையில் கிடைக்கும் எச்ஓ (1:87 மாதிரி) தண்டவாளம் 16.5 மி.மீ.தான். அதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும்.

நாலடி அகலப் பலகையில் 457 மி.மீ. ஆர வளைவு அடங்கும். 14 செ.மீ. பெட்டிகள் அதில் அழகாகத் திரும்பும். நீளமானவற்றை வாங்காதீர்கள், வளைவில் நடுப்பகுதி உள்ளே பிதுங்கி அசிங்கமாகத் தெரியும்.

பெரும்பாலான சிக்கல் எடையில்தான். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.யின் பரிந்துரை: அடிப்படை 28 கிராம், அங்குலத்துக்கு 14 கிராம். ஆக 14 செ.மீ. பெட்டிக்குச் சுமார் 105 கிராம். தாங்கியின் முனை மூடியை மெல்லக் கழற்றி, கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கும் இரும்பு நட்டுகளை அடிப்பக்கமாக எபொக்சியால் ஒட்டுங்கள். எடை மேலே ஏறினால் பெட்டி சாயும். ஈயக் குண்டும் வெள்ளைப் பசையும் சேர்க்கவே வேண்டாம்: ஈயம் அரித்து, உப்பி, தாங்கியையே பிளந்துவிடும். கொழும்பு ஈரப்பதத்தில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக்கூடாது.

பெட்டியின் இரு முனையிலும் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்தான் போகி. ஒரு போகியின் திருகாணியை இடம்வலம் திரும்ப மட்டும் விட்டு இறுக்குங்கள். மற்றதைக் கால் சுற்றுத் தளர்த்தினால் மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தில் பதியும். அப்படியும் பொயின்ற்றில் (பாதை பிரியும் இடத்தில்) ஏறிக் குதித்தால் சக்கரங்களின் உள் இடைவெளியை வேனியர் இடுக்கியால் அளந்து பாருங்கள், 14.4 மி.மீ. அளவில் இருக்கவேண்டும்.

பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கை அப்பிக்கொண்டு பாதை முழுக்க இழுக்கும். உலோகச் சக்கரத்துக்கு மாற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். உப்புத்தாள் கீறல் போடும், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.