குட்டையின் கடைசி முழங்கால் நீர்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால் ஒன்றை ஒட்டி என் தாய்மாமாவுக்கு ஒரு மீன் குட்டை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து வளர்க்கிறார். சென்ற ஆண்டு சித்திரையில் மீன் பிடித்து முடித்ததும், அடியில் கிடந்த கறுத்த நீரை மடை திறந்து வாய்க்காலில் விட்டார்கள். அணை அடைத்திருந்த காலம் என்பதால் வாய்க்காலில் கணுக்கால் அளவுக்கே நீர் ஓடியது. நான்கு வயல் தள்ளியிருந்த படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் பிள்ளைகள் குளித்துக்கொண்டும் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்த நீரைப் பற்றிய கவலை என்னை விடவில்லை.

நாம் இடும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மீனின் உடலில் சேர்கிறது. மீதியெல்லாம் கழிவாகவும் தின்னாத தீவனமாகவும் நீரிலும் சேற்றிலும் தங்கிவிடுகிறது. நன்னீரில் எங்கும் இயல்பாகக் காணப்படும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா, இத்தகைய கழிவு மிகுந்த வெதுவெதுப்பான நீரில் பெருகுகிறது. மீனுக்கு உடலில் சிவந்த புண்களையும் துடுப்பழுகலையும் உண்டாக்கும் அதே கிருமி, மனிதரின் காலில் சிறு வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியே புகுந்து தசையைச் சீழ்பிடிக்கச் செய்யவும், குடித்த நீரின் வழியே வயிற்றுப்போக்கை உண்டாக்கவும் வல்லது. கல்லீரல் நோயாளிகளும் நீரிழிவு உள்ளவர்களும் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

மனிதர், கால்நடைகளின் குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியா மீனின் குடலில் நிலையாக வாழும் உயிரி அன்று. குட்டை நீரில் அது மிகுந்திருந்தால் பெரும்பாலும் கோழி எருவோ மாட்டுச் சாணமோதான் காரணம். உரமிடுவதாக நினைத்துப் பச்சைக் கோழி எருவைக் கொட்டுபவர்கள் அதனுடன் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியையும் சேர்த்துக் கொட்டக்கூடும்.

இவற்றைவிட எனக்கு அச்சமூட்டுவது மருந்து. தீவனத்தில் கலக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பகுதி மீனின் உடலில் ஏறாமலே வெளியேறிச் சேற்றில் படிகிறது. அங்கே பிழைத்து நிற்கும் கிருமிகள், மருந்தை எதிர்க்கும் திறனைத் தரும் மரபணுக்களை வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றிவிடுகின்றன. குட்டையில் தொடங்கிய எதிர்ப்பு, நாளை மனிதருக்கு நோய் தரும் கிருமியிடமும் வந்து சேரலாம்.

கடலோர இறால் பண்ணைகளைக் கட்டுப்படுத்தி 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அச்சட்டம் நன்னீர்க் குட்டைகளைத் தொடுவதில்லை. ஆகவே நம் வாய்க்காலை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு மருமவனே, இனி என்ன பயம்?" என்று மாமா கேட்டார். கலங்கிய நீரில் அந்தப் பவுடரிலுள்ள குளோரினின் பெரும்பங்கைச் சேறும் அம்மோனியாவுமே தின்றுவிடும் என்பதையும், மண் துகள்களுக்குள் ஒட்டியிருக்கும் கிருமிகள் தப்பிவிடும் என்பதையும் அவருக்கு விளக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. மிஞ்சும் குளோரின் வாய்க்கால் மீன்களைக் கொல்லும் என்றதும்தான் அவர் யோசிக்கத் தொடங்கினார்.

குட்டை நீர் முழுவதும் ஒரே அளவில் கெட்டதன்று. மேல்நீர் ஓரளவு தெளிந்தது. வலை இழுக்கும்போது கலங்கும் கடைசி முழங்கால் ஆழ நீரில்தான் சேறும் கிருமியும் திரண்டிருக்கின்றன. எனவே இந்த ஆண்டு வலை போடுமுன்பே மேல்நீரை வாழைக்குப் பாய்ச்சினோம். அடிநீரை வாய்க்காலுக்கு விடாமல், பக்கத்தில் வெட்டிய பள்ளத்தில் தேக்கிச் சேற்றைப் படியவிட்டு, பின்பு தென்னைக்கு விட்டோம். குட்டையின் தரை வெயிலில் காய்ந்து வெடித்தபின் சுண்ணாம்பு தூவினோம். பள்ளத்தின் ஓரத்தில் சம்பம்புல் நட்டிருக்கிறோம்; அது நீரிலுள்ள நைட்ரஜனை உறிஞ்சும். வெள்ளரிப் பாத்திக்கு மட்டும் அந்த நீர் போகக்கூடாது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்; வெள்ளரிக்காய் தரையோடு கிடந்து காய்ப்பது, பிள்ளைகள் பறித்த கையோடு கடித்துத் தின்பது.