மாடு தொலைஞ்சுபோச்சா?

மூன்று நாள் ஓட்டம், முதுகில் ஒரு சின்னப் பை. முதல் நாள் ராயக்கோட்டை. 1791ல் மூன்றாம் மைசூர் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்தது.

இரண்டாம் நாள் மல்லச்சந்திரம். பலகைக்கற்களை அறை மாதிரி நிறுத்தி மூடிய பெருங்கற்காலக் கல்திட்டைகளுக்கு நடுவே ஓட மனசு வரவில்லை. ஈமச்சின்னம் இல்லையா, நடந்தேன். ஒரு பலகைக்கல்லில் கை வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுட்டது, உள்பக்கம் ஜில்லென்று இருந்தது.

அப்புறம் பஸ் பிடித்து தர்மபுரி. மூன்றாம் நாள் காலையில் வத்தல்மலை. தார் ரோட்டை விட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். (பாதையா அது? ஆடு போட்ட தடம்.) பால்சிலம்பு பக்கம் சாமைக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு இப்படி ஓடுற? மாடு தொலைஞ்சுபோச்சா?"

சும்மாதான் பாட்டி என்றேன். நம்பவில்லை. தூக்குப்போசியைத் திறந்து கேழ்வரகுக் கூழும், கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாயும் தந்தார். பதிலுக்கு, ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் என் எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். விரலில் தொட்டு நக்கிவிட்டு, "இருமல் மருந்தா?" என்றார்.

ஜெல் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?