ஆபரேஷன்தான் பண்ணியாச்சே

மார்ச் 4, செவ்வாய்

சென்னை கண்ணகி நகரில் மருத்துவ முகாம். வெள்ளைப்படுகிறது என்று வருபவர்கள் முதலில் சொல்வது "உடம்பு சூடு". வெந்தயம், இளநீர் எல்லாம் பார்த்துவிட்டு, அரிப்பும் வாடையும் தாங்காமல் போன பிறகுதான் வருவார்கள். இன்று வந்த அக்காவுக்கு இது போன மாதமும் இருந்தது. வெள்ளைப்படுதலுக்கு அரசு தரும் பச்சைக் கிட் மாத்திரை கொடுத்தோம். வீட்டுக்காரரையும் கூட்டி வாங்க, அதுவரை ஆணுறை போடச் சொல்லுங்க என்றேன்.

"எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சே சிஸ்டர். இப்பப் போய் அதைக் கேட்டா, யார்கிட்ட போயிட்டு வந்தேன்னு என்னைத்தான் கேப்பாரு."

மார்ச் 7, வெள்ளி

அந்த அக்கா சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. 1968இல் அரசின் நிரோத் ஆணுறை வந்ததே குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதற்கப்புறம் உறையைக் கேட்க ஒரு சாக்குகூட மிச்சமில்லை. கேட்டால் ஒன்று கணவரைச் சந்தேகப்படுகிறாள், இல்லை அவளே தப்பானவள். கர்ப்பமாக இருந்தபோது எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட்தான் பலருக்குக் கடைசி டெஸ்ட்.

பேசித் தீர்க்கலாமே என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். ஒற்றை அறை வீடு, பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருக்கும், அவர் குடித்துவிட்டு வந்திருப்பார். எங்கே பேசுவது? அவருக்கு வெளியே தொடர்பு இருப்பது தெரிந்தும் வாயைத் திறக்காதவர்கள் உண்டு. வீட்டு வேலைக்குப் போய் வரும் சம்பளத்தில் பள்ளிக்கூடச் செலவை ஓட்ட முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவர்களுக்குப் போய் விழிப்புணர்வு போதவில்லை என்று போஸ்டர் ஒட்டுகிறோம்!

மார்ச் 12, புதன்

அந்த அக்கா மறுபடி வந்தார். "உள்ளே புண்ணு இருக்கு, உனக்கும் ஒட்டிக்கும்னு சிஸ்டர் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன். பயந்துட்டாரு." நான் சொல்லாத புண். மறுக்கவில்லை. நோய் என்றால் கேட்கிறார், மனைவி வேண்டாம் என்றால் கேட்பதில்லை. புண் ஆறிவிட்டது என்று தெரிந்ததும் என்ன செய்வார், தெரியாது. அக்கா நிரோத் இரண்டு பாக்கெட் வாங்கிப் பர்சில் வைக்காமல் ரேஷன் கார்டு கவருக்குள் செருகிக்கொண்டார்.

கணவர் மட்டும் வரவில்லை. எப்படி வருவார்? நம் முகாம் காலை 11 மணிக்கு, அவர் அப்போது லோடு ஏற்றிக்கொண்டிருப்பார். ஆண்களுக்கென்று ராத்திரி 8 மணிக்கு ஒரு முகாம் வைக்கலாமா என்று மேலே கேட்டிருக்கிறேன். ஆள் இல்லை என்பார்கள். நான் இருக்கிறேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.