துபாஷிக்கு இரண்டு உடம்பு

மார்ச் 9, ஞாயிறு

மழை விடவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். போன தடவை நுழைகூடத்தில் நிற்கும் தாஃபே என்ற எகிப்தியக் கோயிலோடு திரும்பிவிட்டேன். இன்று உள்ளே போய் ஹோரெம்ஹெப் கல்லறைப் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்தேன். எகிப்து அரசர் துட்டன்காமுனின் சேனாதிபதியாக இருந்தபோது சக்காரா இடுகாட்டில் ஹோரெம்ஹெப் தனக்குக் கட்டிக்கொண்ட கல்லறை.

ஒரு சுண்ணாம்புக்கல் பலகையின் முன்னால் கால் நின்றுவிட்டது. வேற்று நாட்டுத் தூதர்கள் கெஞ்சுகிறார்கள். ஒருவன் குப்புற விழுந்து கிடக்கிறான், இன்னொருவன் மல்லாந்து. அவர்களுக்கும் சேனாதிபதிக்கும் நடுவே முதுகோடு முதுகாக இரண்டு பேர். உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள்! மொழிபெயர்ப்பாளன். இந்தப் பக்கம் கேட்கிறான், அந்தப் பக்கம் சொல்கிறான். ஒரே படத்தில் இரண்டையும் காட்டச் சிற்பிக்கு வேறு வழி இல்லை போலும். நம் ஊர்ப் பழைய சொல் துபாஷி, இரண்டு பாஷைக்காரன். அதிலும் இரண்டு இருக்கிறது.

மார்ச் 12, புதன்

ஒரு அலுவலகத்தில் இரண்டு மணி நேர மொழிபெயர்ப்பு வேலை. வயதான அம்மா, யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதிகாரி ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்றாவது தடவை அம்மா என்னைத்தான் முறைத்தார்: "உனக்கு எல்லாம் தெரியும்தானே பிள்ளை, பிறகேன் திருப்பித் திருப்பிக் கேக்கிறாய்?" அதையும் டச்சில் சொல்ல வேண்டும். சொன்னேன். இப்போது அதிகாரியும் என்னை முறைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடியும் அதே பலகை. இன்றுதான் சேனாதிபதியின் நெற்றி கண்ணில் பட்டது: படமெடுத்த நாகம். அது அரசர்களுக்கு உரியது. பின்னாளில் அவரே அரசரான பிறகு பழைய உருவத்தில் சேர்த்துச் செதுக்கியது. ஆனால் அவரை அடக்கம் செய்தது இந்தச் சக்காரா கல்லறையில் இல்லை, அரசர்களின் பள்ளத்தாக்கில்.

இந்தக் கல்லறைச் சுவர்கள் மண் செங்கல். மேலே சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டில் பெயர்த்து விற்பது சுலபமாகிவிட்டது. பலகைகள் லைடன், பொலோன்யா என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. கல்லறை எங்கே என்பது மட்டும் மறந்துபோனது. 1975-இல் தொல்லியலாளர் ஜெஃப்ரி மார்ட்டின் குழு, துட்டன்காமுனின் கருவூல அதிகாரி மாயாவின் கல்லறையைத் தேடித் தோண்டியது, கிடைத்தது இது. மாயாவின் கல்லறை கிடைக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூடும் நேரம். வெளியே வந்து கைபேசியைப் பார்த்தால் செய்தி: நாளை காலை ஒன்பது மணிக்கு வேலை. அதே அம்மா. போன தடவை வந்த பிள்ளைதான் வேண்டும் என்றாராம்.