மகளோடு யோகோஹாமா: போக்கிமான் கார்டு உலகப் போட்டி அனுபவம்

2023 ஆகஸ்டில் ஜப்பானின் யோகோஹாமாவில் நடந்த போக்கிமான் உலக சாம்பியன்ஷிப்பில் என் மகள் ஜூனியர் பிரிவில் கார்டு ஆட்டம் ஆடினாள். நாங்கள் லண்டனில் இருக்கிறோம். பிள்ளையை அழைத்துப் போக நினைக்கும் பெற்றோர் சிலர் விவரம் கேட்டார்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போய் ஆடும் போட்டி இல்லை இது. சீசன் முழுக்கக் கடைகளில் நடக்கும் சின்னப் போட்டிகளிலிருந்து பெரிய சர்வதேசப் போட்டிவரை ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். போதுமான புள்ளி சேர்ந்தால் அழைப்பு வரும். ஏப்ரலில் லண்டன் எக்செல் அரங்கில் நடந்த ஐரோப்பிய சர்வதேசப் போட்டியில் அவளுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அழைப்பு வந்ததும் டிக்கெட் போட்டோம்.

அவளுடைய டெக், அதாவது ஆட எடுத்துப்போகும் கார்டுக் கட்டு, மிராய்டான் என்ற போக்கிமானை வைத்துக் கட்டியது. வேகமான டெக், குழந்தைகளுக்குப் பிடிக்கும். மொத்தம் 60 கார்டு. அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், கையில் இருப்பதும் பட்டியலும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு ஆட்டமே பறிபோகலாம். கார்டின் கீழே இடது ஓரத்தில் குட்டியாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த வருஷம் ஈ, எஃப், ஜி போட்ட கார்டுகள்தான் செல்லும். முதல் நாள் இரவு ஹோட்டல் படுக்கையில் எல்லாக் கார்டையும் பரப்பி வைத்து அவள் எழுத்தைப் படிக்க, நான் பட்டியலில் டிக் அடித்தேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் புது உறை. பழைய உறையில் ஒரு மூலை மடங்கியிருந்தாலே அடையாளம் வைத்த கார்டு என்று நடுவர் சந்தேகப்பட இடமுண்டு. அவள் உறை போட்டு முடித்த டெக்கைக் கவிழ்த்து, விசிறிபோல விரித்து, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றின் ஓரம் லேசாக வெளுத்திருந்தது. அந்த உறையை மாற்றிவிட்டுத்தான் தூங்கினாள்.

லண்டனுக்கும் ஜப்பானுக்கும் கோடையில் 8 மணி நேர வித்தியாசம். அதனால் சில நாள் முன்னதாகவே போய்விடுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளையால் நாள் முழுக்க யோசித்து ஆட முடியாது. ஆகஸ்டில் அங்கே வெயிலும் புழுக்கமும் நம்ம ஊர் மாதிரிதான். அரங்கம் பசிஃபிகோ யோகோஹாமா, கடலை ஒட்டியே இருக்கிறது. சுற்றியுள்ள மினாட்டோ மிராய் பகுதி முழுக்கப் பிகாச்சு மயம்.

இனி முக்கியமான விஷயம். ஆட்ட மேசைக்குப் பக்கத்தில் பெற்றோர் நிற்க முடியாது. கயிறுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் பிள்ளை. பத்து வயசோ பதினோரு வயசோ, சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டியது பிள்ளைதான். எதிராளி மெதுவாக ஆடினால் சொல்ல வேண்டியதும் பிள்ளைதான். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும், அதற்கு மொத்தம் 50 நிமிஷம். மணி அடித்ததும் நடக்கிற முறையை முடித்துவிட்டு இருவருக்கும் சேர்த்து இன்னும் 3 முறை மட்டும் ஆடலாம். அதற்குள் முடியாவிட்டால் சமன். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. அங்கே நிறையச் சமன் வந்தால் அது தோல்வி மாதிரிதான். கார்டைவிட இதைத்தான் நாங்கள் வீட்டில் அதிகம் பழகினோம். சமையலறையில் டைமர் வைத்து ஆடுவோம். நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பேன், அவள் மரியாதையாக "கொஞ்சம் சீக்கிரம் ஆடுங்க" என்று சொல்லப் பழக வேண்டும்.

இன்னொரு பழக்கம், பரிசுக் கார்டு கணக்கு. ஆரம்பத்தில் 6 கார்டைக் கவிழ்த்து ஒதுக்கி வைப்பார்கள். எதிராளியின் போக்கிமானை வீழ்த்த வீழ்த்த அதிலிருந்து எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவருக்கு வெற்றி. முக்கியமான கார்டு அந்த ஆறுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை, டெக்கைத் தேடும் முதல் வாய்ப்பிலேயே கணக்கிட்டுவிட வேண்டும். நன்றாக ஆடும் குழந்தைகளை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சுற்றில் எதிரே ஜப்பானியச் சிறுவன். உட்கார்ந்ததும் தலை குனிந்து "யொரோஷிகு ஒனேகைஷிமாஸ்" என்றான். இவளும் அதைப் பழகி வைத்திருந்தாள், அதையே திருப்பிச் சொன்னாள். ஒன்றுக்கு ஒன்று ஆகி, மூன்றாவது ஆட்டத்தில் இவள் முறையின்போது மணி அடித்தது. அவனுக்கு ஒரு பரிசுக் கார்டு பாக்கி, இவளுக்கு மூன்று. எனக்கு இவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் பிறகு ஒனிகிரி (ஜப்பானியச் சோற்று உருண்டை) சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னது.

"அம்மா, ஐயோனோவை அதுக்குத்தான் பத்திரமா வச்சிருந்தேன்."

ஐயோனோ என்ற கார்டைப் போட்டால் இருவரும் கையில் உள்ளதை டெக்கின் அடியில் வைத்துவிட்டு, பாக்கியுள்ள பரிசுக் கார்டு எத்தனையோ அத்தனை எடுக்க வேண்டும். அவன் கை நிறையக் கார்டு இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. அதே முறையில் அவனுடைய சின்னப் போக்கிமான் ஒன்றை வீழ்த்தி ஒரு பரிசுக் கார்டு எடுத்தாள். அவனுக்குத் தாக்கத் தேவையான எனர்ஜி கார்டு கிடைக்கவில்லை, தாக்காமலே தன் முறையை முடித்தான். அடுத்த முறையில் பெரியது ஒன்றை வீழ்த்தி, கடைசி இரண்டையும் எடுத்தாள். பின்தங்கியிருக்கும்போது பதறாமல் அந்தக் கார்டை அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாளே, அதுதான் எனக்குப் பெருமை.

இரண்டாம் நாளுக்குத் தேவையான வெற்றிகள் சேரவில்லை. கொஞ்சம் அழுதாள், பிறகு மற்ற குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து கார்டு மாற்றப் போய்விட்டாள். மொழி தெரியாவிட்டாலும் அது நன்றாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் பிரிவான மாஸ்டர்ஸின் இறுதியைப் பார்த்தோம். அமெரிக்காவின் வான்ஸ் கெல்லி மியூ விமேக்ஸ் டெக்கோடு உலக சாம்பியன் ஆனார். அடுத்த போட்டி ஹொனலூலுவில் என்று அங்கேயே அறிவித்தார்கள்.

புது சீசனில் புள்ளி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விமானத்தில் ஏறியதுமே, ஈ எழுத்துக் கார்டுகள் எப்படியும் வெளியேறிவிடும், அதில் ஒன்றான ஃபிளாஃபி இல்லாமல் டெக் கட்ட வேண்டும் என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.