கமாண்ட்=சேமி போதும், அடைப்புக்குறி வேண்டாம்

பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் உருவாக்க உதவும் டிகிண்டர் லைப்ரரியில், ஜன்னல் திறக்கும்போதே யாரும் பட்டனைத் தொடாமலே ஃபங்ஷன் ஓடிவிடுகிறது. அப்புறம் எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் எதுவும் நடப்பதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கோட் முழுக்கத் தேட வேண்டாம். பட்டனை உருவாக்கும் வரியில் கமாண்ட்=சேமி() என்று இருக்கும் (சேமி என்பது பட்டனை அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷன்).

அடைப்புக்குறி போட்டால் பைத்தான் அந்த ஃபங்ஷனை அப்போதே ஓட்டிவிடும். அது திருப்பித் தந்த மதிப்புதான் கமாண்டுக்குப் போய்ச் சேரும். ரிட்டர்ன் எழுதாத ஃபங்ஷன் தருவது 'நன்', அதாவது 'மதிப்பு எதுவும் இல்லை'. அப்படி வரும் ஆப்ஷனை டிகிண்டர் சத்தமில்லாமல் விட்டுவிடும், எர்ரர்கூட வராது. பெயரை மட்டும் கொடுங்கள்: கமாண்ட்=சேமி.

ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் (உள்ளே கொடுக்கும் மதிப்பு) அனுப்ப வேண்டுமென்றால், லாம்ப்டா என்ற பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்: கமாண்ட்=லாம்ப்டா: எழுது(5). பலரும் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த படியில்தான். கால்குலேட்டருக்கு 0 முதல் 9 வரை பட்டன்களை ஃபார் லூப்பில் உருவாக்கி, லாம்ப்டா: எழுது(எண்) என்று கொடுத்தால் எதை அழுத்தினாலும் 9 விழும். லாம்ப்டா எண்ணின் மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அழுத்தும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து எண் 9-இல் நின்றிருக்கும். லாம்ப்டா எண்=எண்: எழுது(எண்) என்று மாற்றுங்கள். டிஃபால்ட் மதிப்பு லாம்ப்டா உருவாகும்போதே கணக்கிடப்படுவதால் ஒவ்வொரு பட்டனுக்கும் அதனதன் எண் கிடைக்கும். பைத்தானோடு வரும் ஃபங்டூல்ஸ் மாட்யூலில் உள்ள பார்ஷியல்(எழுது, எண்) இதே வேலையை இன்னும் தெளிவாகச் செய்யும். லூப்புக்குள் எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் என்ட்ரி பெட்டியில் பயனர் தட்டியதை எடுக்க பார்ஷியல்(சேமி, பெட்டி.கெட்()) என்று எழுதினால் எப்போதும் காலிச் சரம்தான் வரும். பெட்டி காலியாக இருந்தபோதே கெட் ஓடி முடிந்துவிட்டது. இங்கே தாமதம்தான் தேவை: லாம்ப்டா: சேமி(பெட்டி.கெட்()).

இதேபோல் ஜன்னல்கள் செய்யும் இன்னொரு லைப்ரரியான பைக்யூட்டிக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: அங்கே பட்டனை அழுத்தியதும் வரும் கிளிக்ட் சிக்னல், பட்டன் செக் ஆகியிருக்கிறதா என்ற மதிப்பையும் அனுப்பும். மேலே சொன்ன எண்=எண் உத்தியில் அந்த 'ஃபால்ஸ்' நேராக எண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிடும். லாம்ப்டா செக்ட், எண்=எண்: எழுது(எண்) என்று முதல் இடத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

டிகிண்டரிலும் ஃபங்ஷனுக்கு வரும் ஆர்க்யுமென்ட்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். பட்டனின் கமாண்ட் எதையும் அனுப்பாது. விசை, மவுஸ் போன்றவற்றோடு ஃபங்ஷனை இணைக்கும் பைண்ட், நடந்ததைப் பற்றிய விவரமான ஒரு ஈவன்ட்டை அனுப்பும். இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்கேலின் கமாண்ட் மதிப்பைச் சரமாக அனுப்பும், எண்ணாக வேண்டுமென்றால் ஃப்ளோட் போட்டு மாற்ற வேண்டும். சேமி-யை பட்டனுக்கும் என்டர் விசைக்கும் சேர்த்துப் பயன்படுத்த, டெஃப் சேமி(ஈவன்ட்=நன்) என்று எழுதுங்கள்.

ஒரு ஃபங்ஷனைச் சற்று நேரம் கழித்து ஓட்டும் ஆஃப்டருக்கும், அடைப்புக்குறி வேண்டாம் என்ற இதே விதிதான். ஆஃப்டர்(1000, கடிகாரம்) என்றால் 1000 மில்லிசெகண்ட் கழித்து ஓடும். தன்னைத்தானே மறுபடி அழைக்கும் கடிகாரம் ஃபங்ஷனுக்குள் ஆஃப்டர்(1000, கடிகாரம்()) என்று எழுதினால் ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டே போய், ரிகர்ஷன் எர்ரரில் முட்டி நிற்கும்.